மணல்மேல் ஒரு சீனப் பயணம்

தரிமாரோ இனித் தலை வாரக்கூடாது என்று ஒரு வசந்தகாலக் காலையில் முடிவாயிற்று. முடிவெடுத்தவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பதில் தரிமாரோ இல்லை. அவன் அப்போது ஹகாதா துறைமுகத்தில், தூதுக்கப்பல் வழியனுப்பு மண்டபத்தின் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தான். சிகா தீவிலிருந்து கொண்டுவந்த காய்ந்த சிப்பிக் கட்டுகளை இறக்கி வைத்தாயிற்று. யாராவது வந்து, "சரி, போ" என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போகலாம். எதிர்காற்றில் படகு வலித்து வந்ததில் தலை பரட்டையாகக் கிடந்தது. அவன் செய்த தப்பு அவ்வளவுதான்.

மண்டபத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சீன தேசத்துக்குப் போகிற தூதுக்கப்பலை முறைப்படி வழியனுப்புவதற்காக ஏற்பட்ட அலுவலகம் அது. கடைசித் தூதுக்கப்பல் போய் ஐம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அதனால் மண்டபத்தின் வேலையில் இதுவரை ஒரு குறையும் நேர்ந்ததில்லை. தூண்கள் சீன முறை, கூரை ஓடு சீன முறை, விடியுமுன் வந்து உட்கார்ந்து மத்தியானத்துக்குள் எழுந்து போவதும் சீன முறை. எழுதுவதெல்லாம் சீனத்தில். பேச மட்டும் அங்கே ஒருவருக்கும் சீனம் வராது. வர வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அந்த வருஷம் தலைநகரிலிருந்து, மறுபடி தூது அனுப்பலாம் என்று உத்தரவு வந்துவிட்டது. மண்டபத் தலைவர் மினுமா மூன்று நாள் தூங்கவில்லை. நாலாம் நாள் அறுநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு சீனச் சரித்திரத்தைப் புரட்டியபோது, கிழக்குக் கடல் ஜனங்களைப் பற்றி ஒரு பக்கம் கண்ணில் பட்டது. அதாவது நம்மைப் பற்றி.

"கேளுங்கப்பா," என்று சபையில் படித்துக் காட்டினார். "நம்ம ஆளுங்க கடல் தாண்டும்போது கப்பல்ல ஒருத்தனை நோன்புக்குன்னு வெச்சிருப்பாங்களாம். தலை வாரமாட்டான், பேன் எடுக்கமாட்டான், துணி துவைக்கமாட்டான். கவுச்சி தொடமாட்டான், பொம்பளை பக்கம் போகமாட்டான். பயணம் நல்லபடியா முடிஞ்சா அவனுக்குப் பரிசு. கூட வந்தவங்களுக்கு ஏதாவது நோய்நொடி வந்தா, இவன் நோன்பை ஒழுங்கா இருக்கலைன்னு அர்த்தம். கொன்னுடுவாங்களாம்."

எழுத்தர் ஷிமநூஷி உள்ளூர்க்காரர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஐயா, எங்க அப்பா கப்பல்காரரு. தாத்தாவும் கப்பல்காரரு. இப்படி ஒண்ணை நாங்க கேள்விப்பட்டதே இல்லையே," என்றார்.

"நீ கேள்விப்பட்டதை விடு. இது சீனாக்காரன் எழுதினது. நம்மளைப் பத்தி அவனைவிட உனக்கு அதிகமாத் தெரியுமோ?"

ஷிமநூஷி குனிந்து மையை உரைக்கத் தொடங்கினார். நம் முன்னோர்களின் இந்த உயர்ந்த வழக்கத்தை நாமே மறந்துபோனது எவ்வளவு பெரிய வெட்கக்கேடு என்று எட்டுப் பேர் தலைகுனிந்தார்கள். ஒருவர் அழுதார். பிறகு பொருத்தமான ஆள் எங்கே கிடைப்பான் என்ற பேச்சு எழுந்தது. மினுமா பின்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அடேயப்பா! புத்தகத்துல இருக்கிற மாதிரியே இருக்கானே!"

தரிமாரோ பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான். யாரும் இல்லை.

"எத்தனை நாளைக்குங்க எஜமான்?" என்று மட்டும் கேட்டான்.

"போய்ட்டு வர்ற வரைக்கும்தான்."

கல்யாணமாகி எட்டு மாசம். வீட்டில் இனுமே காத்திருப்பாள், ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்றான். பெண்ணின் பக்கம் போகக்கூடாது என்பது இப்போதுதானே படிக்கப்பட்டது, அதற்குள் இப்படிக் கேட்கிறானே என்று எல்லோரும் முகம் சுளித்தார்கள்.

கப்பல் கிளம்ப நல்ல நாளைச் சீனப் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்தார்கள். அந்த நாள் வந்தபோது கப்பல் கடற்கரையில், மணலில் கட்டைகள் மேல் இருந்தது. அடிப்பலகை இரண்டு வரிசை இன்னும் அடிக்கவில்லை. தச்சர்கள் இன்னும் நாற்பது நாள் வேண்டும் என்றார்கள். அடுத்த நல்ல நாளோ பதினோரு மாசம் தள்ளி இருந்தது. மினுமா யோசித்தார். கப்பலுக்காக நாள் காத்திருக்குமா? குறித்த நாளில் குறித்த நாழிகையில் கப்பல் புறப்பட்டது. அதாவது, புறப்பட்டதாகப் பதிவு செய்யப்பட்டது.

வழியனுப்பு விழாவைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். பெரிய தூதர் தலைநகரில் ஜலதோஷமாகப் படுத்திருந்தார். வர முடியவில்லை என்று தன் தொப்பியை அனுப்பியிருந்தார். தொப்பியைப் பட்டுத் துணியில் வைத்து ஏணி வழியாகக் கப்பலில் ஏற்றினார்கள். மினுமா பிரிவுக் கவிதை ஒன்றைச் சீனத்தில் எழுதி, சீன எழுத்தை நம் உச்சரிப்பில் வாசித்தார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எதுகை வந்த இடங்களில் மட்டும் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கப்பல் மறைகிறவரை கையசைக்க வேண்டும் என்று முறை. கப்பல் மறையவில்லை. வெகுநேரம் அசைத்துக் கை ஓய்ந்துபோனதும், முதுகைத் திருப்பிக்கொண்டால் மறைந்த மாதிரிதானே என்று ஷிமநூஷி சொன்னார். திரும்பிக்கொண்டார்கள்.

துணைத் தூதர்கள், வைத்தியர், ஓவியர், வில்லாளிகள் எல்லோரும் அன்று மாலையே அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கடலில் இருப்பதாகப் பதிவாகிவிட்டதால் அவர்களை யாரும் எந்த வேலைக்கும் கூப்பிட முடியாது. அவர்களுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. கடலில் போய்க்கொண்டிருக்கிற கப்பலுக்கு ஆணி அடிக்க முடியாது என்று தச்சர்களையும் அனுப்பிவிட்டார்கள். தரிமாரோவும் ஏணியில் இறங்கப் போனான்.

"நீ எங்கடா போற?" என்றார் மினுமா.

"எல்லாரும் போறாங்களே எஜமான்."

"அவங்க கப்பல்ல என்ன செய்யணும்னு புத்தகத்துல எழுதலை. நீ என்ன செய்யணும்னு தெளிவா எழுதியிருக்கு. போய் உட்காரு."

உட்கார்ந்தான். எதிரே தொப்பி இருந்தது.

தினமும் காலையில் ஷிமநூஷி மணலில் நடந்து வந்து, கப்பலுக்குக் கீழே நின்று பயணக் குறிப்பு எழுதுவார். முதல் நாள்: காற்று மிதம், கரை தென்படவில்லை. இரண்டாம் நாள்: கரை தென்படவில்லை. கப்பலின் நிழலில் கடற்பாசி காயப்போட வந்த பெண்கள், "யோவ், காலைக் கொஞ்சம் உள்ளே இழு, அழுக்கு உதிருது," என்று தரிமாரோவிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஷிமநூஷி அதை எழுதுவதில்லை.

சாப்பாட்டில் முதல் சிக்கல் வந்தது. மீனவனுக்குக் கவுச்சி கூடாது என்றால் மீன் சேர்த்தியா? புத்தகத்தில் இருக்கிற எழுத்து சதையைக் குறிக்கிற எழுத்து. மீனில் இருப்பது சதையா, மீனா? தலைநகருக்கு எழுதிக் கேட்டார்கள். பதில் வர ஏழு மாசமாயிற்று. பதிலில், கேள்வியின் மூன்றாவது வரியில் ஓர் எழுத்துக்கு ஒரு கோடு குறைகிறது, திருத்தி அனுப்புக என்று இருந்தது. அதுவரைக்கும் தினைக்கஞ்சி கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் தினைக்கஞ்சிதான்.

இனுமே ஐந்து நாளைக்கு ஒரு தரம் தீவிலிருந்து படகு வலித்து வருவாள். மூச்சடக்கிக் கடலில் குதித்துச் சிப்பி எடுக்கிறவள். குரல் கரையிலிருந்து தீவுக்கே கேட்கும். கடற்பாசிப் பெண்களைக் கண்டபிறகு மண்டபம் கப்பலைச் சுற்றி இருபது அடி தள்ளி ஒரு கயிறு கட்டியிருந்தது. பெண் என்றால் கயிற்றுக்கு அந்தப் பக்கம்தான். ஆறாம் மாசத்தில், இருபது அடி என்பது நம் அடியா சீன அடியா என்று யாரோ கேட்டுவிட்டார்கள். சீன அடி கொஞ்சம் நீளம். கயிற்றை அவிழ்த்துத் தள்ளிக் கட்டினார்கள்.

"யோவ், போன வாட்டிக்கு இப்ப நீ சின்னதாத் தெரியிற," என்று கத்தினாள் இனுமே. "சீனா கிட்ட வந்துருச்சா?"

"கத்தாதடி. எழுதிடுவாங்க."

"எழுதட்டும்! உங்க தலைவரை இங்க வந்து ஒரு நாள் தலை வாராம உட்காரச் சொல்லு. மயிரு இருந்தாத்தானே வாருறதுக்கு!"

தரிமாரோ சிரித்தான். அந்த முதல் வருஷத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. ஒரு நாள் தொப்பியை எடுத்துக் கடலில் எறிந்துவிடலாமா என்றுகூட நினைத்தான். கடல் எட்டாது, மணலில்தான் விழும் என்று விட்டுவிட்டான். பிறகு கோபம் மெல்ல மெல்ல வராமலே போயிற்று. பேன் கடிப்பது முதலில் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

மூன்றாம் வருஷம் நிஜமாகவே ஒரு சீனக் கப்பல் வந்தது. மருந்து மூலிகையும் பீங்கானும் விற்க வந்த வியாபாரி, பெயர் ஷூ. இருபது வருஷமாக வந்துபோகிற ஆள், நம் பாஷை நன்றாகப் பேசுவான். மினுமாவுக்குத் தலைகால் புரியவில்லை. வரவழைத்து, பீடத்தில் உட்காரவைத்து, பேசாமல் சீனத்தில் எழுதிக் காட்டினார்: வானத்தின் மைந்தரான பேரரசர் நலமா?

ஷூ அந்தத் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். "ஐயா, மருந்துப் பொட்டலத்து மேல இருக்கிற எழுத்தைத் தவிர வேற எதுவும் எனக்குத் தெரியாது. வாயால கேளுங்களேன்."

வாயால் கேட்டார்கள்.

"எந்தப் பேரரசர்?" என்றான் ஷூ. "வடக்க ஒருத்தர் ஊரை விட்டு ஓடிட்டாரு. ஒரு படைத்தலைவன் அவரைப் பிடிச்சு வெச்சிருக்கான்றாங்க. எங்க ஊர்ல இன்னொருத்தன் நான்தான் ராஜான்றான். போன மாசத்துக் கதை இது. இப்ப எப்படியோ."

மினுமா தூதுக் கடிதத்தின் நகலைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார், "நம்ம கடிதம் ஏற்கெனவே எழுதியாச்சே. அதுல பேரரசர்னு ஒருத்தரைத்தானே போட்டிருக்கு?"

பிறகு அந்த நோன்பாளியைப் பற்றிய பக்கத்தைப் படித்துக் காட்டி, இது சரிதானே என்றார். ஷூ வாய்விட்டுச் சிரித்தான். அறுபது தடவை கடல் தாண்டியிருக்கிறேன், இப்படி ஒரு கூத்தைக் கண்டதில்லை என்றான். அவன் போனபிறகு மண்டபம் ஒரு முடிவுக்கு வந்தது: பேரரசரையும் அறியான், எழுத்தும் அறியான், ஆகவே இவன் சீனன் அல்லன்.

போகிற வழியில் ஷூ கயிற்றைத் தாண்டி வந்து, கப்பலை அண்ணாந்து பார்த்தான்.

"என்னப்பா, நீதானா அது? பத்து நாள்ல நான் கிளம்புறேன். ஏறிக்க. நிஜமாவே சீனாவைக் காட்டி, ரெண்டு மாசத்துல கொண்டுவந்து விட்டுடறேன். போனேன், வந்தேன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போ."

தரிமாரோவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு அடித்தது. உடனே அனுமதி கேட்டுச் சொல்லியனுப்பினான். மினுமா நேரிலேயே வந்துவிட்டார்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அரசாங்கத் தூதுல போய்க்கிட்டிருக்கிறவன், நடுக்கடல்ல கப்பலை விட்டு இறங்கி, கள்ளத்தனமா ஒரு வியாபாரி கப்பல்ல ஏறிச் சீனாவுக்குப் போவானா? நீ சீனாவுக்குப் போயிட்டா, அப்புறம் சீனாவுக்குப் போற இந்தக் கப்பல்ல யாரு இருப்பா?"

பத்தாம் நாள் ஷூவின் கப்பல் பாய் விரித்தது. தரிமாரோ அது மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தான். அது மறைந்தது.

அந்த இலையுதிர்காலத்தில் பெரும்புயல் ஒன்று அடித்தது. கயிறு அறுந்து எங்கேயோ போயிற்று. கயிற்றைக் காத்த காவல்காரர்கள் வீட்டுக்குள் பதுங்கினார்கள். மறுநாள் காலை, கடல் அடங்குவதற்கு முன்பே, இனுமே படகில் வந்து ஏணி ஏறி உள்ளே போய்விட்டாள். அவன் உயிரோடிருக்கிறானா என்று பார்க்கத்தான். அருகில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பேன் எடுக்க ஆரம்பித்தாள். வாய் திறக்கவே இல்லை. கத்துகிறவள் பேசாமல் இருப்பது அவனுக்குப் பயமாக இருந்தது.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. கயிறு இல்லாம எப்படிப் பேசுறதுன்னு மறந்துபோச்சு."

ஒரு சிப்பியைப் பிளந்து வாயில் ஊட்டினாள். அவனுக்கு ருசி தெரியவில்லை. தெரிகிறது என்று பொய் சொன்னான். அவள் இறங்கிப் போகும்போது தூரத்தில் காவல்காரன் ஒருவன் கயிற்றைத் தேடிக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.

அடுத்த வசந்தத்தில், மூன்று வருஷம் நிறைகிற சமயத்தில், தலைநகரிலிருந்து ஒரு செய்தி வந்தது. பெரிய தூதர் பூப்பார்க்கப் போன இடத்தில் குதிரையிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். மண்டபம் கலங்கிவிட்டது. தூதர் பதிவுப்படி கப்பலில் இருக்கிறார். கப்பலில் இருக்கிறவருக்குக் கேடு வந்தால் நோன்பாளி நோன்பை முறித்தான் என்று பொருள். முறித்திருந்தால் என்ன செய்யவேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கிறது.

விசாரணையைக் கடற்கரையிலேயே, கப்பலுக்கு முன்னால் நடத்தினார்கள். நோன்பாளி கப்பலை விட்டு இறங்கக்கூடாதல்லவா! பாய் விரித்து, மேசை போட்டு, ஒன்பது பேரும் உட்கார்ந்தார்கள். இனுமேயைத் தீவிலிருந்து கூட்டிவந்து நிறுத்தினார்கள். தரிமாரோ மேலே, பலகை விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுகிற தூரம்.

மினுமா நல்லவர். யாரையும் அதட்டியதில்லை. "உட்காரும்மா," என்றார். "என்கிட்ட ரெண்டு காகிதம் இருக்கு. முதல்ல இதைக் கேளு. நம்ம சட்டம் சீனாவுலேர்ந்து வந்த சட்டம், அதுல ஈரம் இருக்கும். புருஷன் அந்நிய தேசத்துக்குப் புறப்பட்டுப் போய் வராமப் போனா, பிள்ளை இல்லாதவ மூணு வருஷம் காத்திருந்தாப் போதும். அப்புறம் பந்தம் அறுந்ததுன்னு அர்த்தம். உனக்கு நேத்தோட மூணு வருஷம் முடிஞ்சுது. நீயா வந்து கேட்கலை, நாங்களா ஞாபகம் வெச்சிருந்து சொல்றோம். எந்த ஊர்ல செய்வாங்க இதை?"

"எனக்கு வேண்டாங்க. என் புருஷன் இதோ இருக்காரு."

"அவசரப்படாதே. ரெண்டாவது காகிதம் இருக்கு." அதைப் பிரித்தார். "போன புயலுக்கு மறுநாள் நீ கப்பல்லேர்ந்து இறங்கினதைப் பார்த்தேன்னு காவல்காரன் எழுதிக் குடுத்திருக்கான். அது உண்மைன்னா, உன் புருஷன் இங்கதான் இருக்கான், நீ கிட்டப் போயிருக்க, நோன்பு முறிஞ்சுது. அப்ப அவனைக் கொல்லணும். எனக்கு மனசே இல்ல. ஆனா புத்தகத்துல இருக்கு."

இரண்டு காகிதத்தையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அவன் சீனாவுக்குத்தான் போயிருக்கான், நீ இந்த மூணு வருஷமா அவனைக் கண்ணால பார்க்கலைன்னா, காவல்காரன் பார்த்தது பொய். நோன்பு சுத்தம். தூதர் கால் ஒடிஞ்சது குதிரையால. ஆனா அப்ப முதல் காகிதம் உண்மையாயிடும். ஒரு புருஷன் இங்கயும் இருந்து அங்கயும் இருக்க முடியாது பாரு. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு. எங்களுக்கு எதுன்னாலும் சம்மதம்."

இனுமே கப்பலைப் பார்த்தாள். மேலே தெரிந்த உருவத்தில் முகம் எங்கே, மயிர் எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆனாலும் பார்த்தாள். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தாள்.

"என் புருஷன் சீனாவுக்குப் போயிருக்காரு," என்றாள். "மூணு வருஷமாச்சு. நான் பார்க்கலை."

"கப்பல்ல உட்கார்ந்திருக்கானே, அவன்?"

"யாரோ. எனக்குத் தெரியாது."

ஒன்பது பேரும் மூச்சு விட்டார்கள். இனுமேவுக்கு எழுதத் தெரியாது. கையெழுத்துக்குப் பதிலாகச் சுட்டுவிரலைக் காகிதத்தில் நீட்டி வைக்கச் சொல்லி, விரல் கணுக்களுக்கு நேரே ஷிமநூஷி மூன்று புள்ளி வைத்தார். இரண்டாவது புள்ளி கோணலாக விழுந்தது.

"இனிமே நீ யாரை வேணும்னாலும் கட்டிக்கலாம்," என்றார் மினுமா.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "யாரை வேணும்னாலுமா?"

"ஆமாம்மா. கரையில இருக்கிற யாரை வேணும்னாலும்."

அவள் மெல்லத் தலையாட்டினாள். எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு, படகு கிடந்த பக்கம் நடந்தாள். ஒன்பது பேரில் ஒருவர், கப்பல் இப்போது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று மெல்லிய குரலில் விசாரித்துக்கொண்டிருந்தார். பாதிக்கும் மேல் போயிருக்கும் என்று பதில் வந்தது.

ஒரு சடங்கு மட்டும் பாக்கி இருந்தது. விசாரணையை முடிக்கும்போது, சம்பந்தப்பட்டவன் வாக்குமூலத்தைக் கேட்டானா என்று பதியவேண்டும், சீனத்தில் அப்படித்தான். மினுமா எழுந்து, கையை வாயருகே குவித்துக்கொண்டு, கப்பலை நோக்கிக் கூப்பிட்டார்.

"நோன்பாளியே! இந்தப் பொண்ணு சொன்னது காதுல விழுந்துதா?"

ஷிமநூஷி தூரிகையை மையில் தோய்த்துக்கொண்டு காத்திருந்தார். விழுந்தது என்றால் அவன் கரையில் இருக்கிறான், அவள் சொன்னது பொய். பொய் சொன்னவளுக்கு என்ன தண்டனை என்பதும் ஒரு புத்தகத்தில் இருக்கும். இனுமே தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கி, படகின் விளிம்பைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

தரிமாரோவும் கையை வாயருகே குவித்துக்கொண்டான்.

"இல்லீங்க எஜமான். நான் நடுக்கடல்ல இருக்கேன். இங்கேர்ந்து கரை ரொம்ப தூரம். ஒண்ணும் கேட்கலை."

மினுமாவுக்குப் பரம திருப்தி. ஷிமநூஷி அதைச் சீனத்தில் எழுதிக்கொண்டார். இனுமே படகைத் தள்ளினாள்.